மூன்றாம் ஓலை

வேண்டாம் ஆன்ட்டி, நீங்களே வச்சுக்கோங்க. இதே சுவிசேஷ நோட்டீஸ் எங்க வீட்டில் ஒரு கட்டு கிடக்கிறது. அம்மா சமையலறை அலமாரியில் விரித்து வைத்திருக்கிறாள். தாள் நல்ல வழுவழுப்பு, எண்ணெய் சீக்கிரம் ஊறாது. கோபிச்சுக்காதீங்க, எனக்குச் சுத்தி வளைத்துப் பேச வராது.

என்ன கேட்டீங்க? இயேசுவைத் தனிப்பட்ட முறையில் ஏத்துக்கிட்டியா பாப்பா என்றுதானே. தனிப்பட்ட முறையில். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்குச் சிரிப்பு வந்தது, உங்களைப் பார்த்து இல்லை. எங்க வீட்டில் தனிப்பட்டது என்று ஒன்றும் கிடையாது. எல்லாம் மைக்கில் சொன்னதுதான்.

டிரைவருக்குப் பின்னால் மூணாவது சீட்டில் பாருங்க. ஜன்னலோரம், பச்சைச் சுடிதார், பின்னலை முன்னால் எடுத்துப் போட்டிருக்கிறாளே. அவள் என் அக்கா. பேர் எமீமா. நான் கெத்சியா. எங்க அப்பா உயிரோடு இருந்தபோது தேடித்தேடி வைத்த பேர்கள், ஒரு டீச்சர் வாயிலும் நுழைந்ததில்லை. அவள் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருக்கிறது. நான் போய் உட்கார்ந்தால் அவள் எழுந்துவிடுவாள். அதனால்தான் உங்க பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். மூணு வாரம் மூணு நாளாக அவள் என்னிடம் பேசவில்லை.

மணி என்ன ஆகுது? எட்டரையா. சரி. ஒன்பது மணிக்கு அவள் மாத்திரை சாப்பிட வேண்டும். மாத்திரை அவள் பையில் இருக்கிறது. தண்ணி பாட்டில் என் பையில் இருக்கிறது. அவள் அடுப்படியில் மறந்து வைத்துவிட்டுக் கிளம்பினாள், நான் எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. வேணும்னா வாயைத் திறந்து கேட்கட்டும்.

அவளுக்கு வலிப்பு. பதினைந்து வயசில் ஆரம்பித்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். "ஒரு வேளைகூட விடக்கூடாது. மூணு வருஷம் வராம இருந்தா நானே குறைப்பேன். நீங்களா நிறுத்தினா விழுந்து மண்டை உடையும்" என்று சொன்னார். தமிழில்தான் சொன்னார். நடுவில் அளவை ரெண்டு தரம் மாற்றி, ஒரு வழியாக நின்றது. பத்து மாசம் வரவேயில்லை.

பத்து மாசம் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், நானே பதினொண்ணாம் வகுப்போடு நின்றவள்தான்.

போன வருஷம் மே மாசம் எங்க ஊரில் கன்வென்ஷன் நடந்தது. ஊர் தேவநேசபுரம், உங்களுக்குத் தெரிந்திருக்காது. கோயில் மைதானத்தில் பந்தல் போட்டு மூணு நாள் கூட்டம். நீங்க மெட்ராஸ் பக்கம்தானே, சர்ச் என்பீங்க, பாஸ்டர் என்பீங்க. நாங்க கோயில் என்றும் ஐயர் என்றும்தான் சொல்லுவோம். கடைசி நாள் பேசுவதற்கு வெளியூரிலிருந்து சகோதரர் நெகேமியா என்று ஒருத்தர் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் செருப்பு. எங்க மைதானம் முழுக்கச் செம்மண். அதில் வெள்ளைச் செருப்பு போட்டு நடக்கிறவர் நேராகக் காரிலிருந்து மேடைக்குப் போகிறவராகத்தான் இருக்க வேண்டும்.

"சுகம் பெற்றவங்க மேடைக்கு வாங்க. சாட்சி சொல்லாம வச்சுக்கிட்டா வந்த சுகம் திரும்பிப் போயிடும்" என்றார்.

எங்க அம்மா எழுந்தாள். அம்மா பேர் ஜீவரத்தினம். இருபது வருஷமாகப் பெண்கள் சங்கத்தில் மெம்பர். மெம்பர் என்றால் கூட்டம் முடிந்ததும் டீ தம்ளர் கழுவுகிற மெம்பர். அவளை அதுவரைக்கும் யாரும் ஒரு அபிப்பிராயம் கேட்டதில்லை. அவள் மேடை ஏறும்போது சேலையை முழங்கைவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் கரண்டி மாதிரி பிடித்தாள்.

"என் மூத்த மகளுக்கு வலிப்பு நோய். பத்து மாசமா வரலை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள்.

இதுவரைக்கும் பொய் இல்லை. இங்கேயே இறங்கியிருக்கலாம்.

நெகேமியா விடவில்லை. "மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களாம்மா?" என்றார்.

அம்மா மைக்கைப் பார்த்தாள். பந்தலைப் பார்த்தாள். அத்தனை பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கத் தலைவியம்மா முன் வரிசையில் கையை ரெடியாகத் தூக்கி வைத்திருந்தாள், தட்டுவதற்கு.

"இல்ல ஐயா. நிறுத்தியாச்சு" என்றாள்.

அன்றைக்குக் காலையில் எமி மாத்திரை போட்டபோது நான்தான் தண்ணி மோந்து கொடுத்தேன். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தாத்தா அல்லேலூயா என்று கத்தினார், என் காது ரெண்டு நாள் அடைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எம்மா, எதுக்கு அப்படிச் சொன்ன?"

"சொல்லியாச்சுல்லா."

"காலையில சாப்பிட்டாளே."

"இனிமே சாப்பிட வேண்டாம். சாப்பிட்டா நம்ம சாட்சி கெட்டுப்போகும்ட்டி."

பாத்தீங்களா. எங்க ஊரில் ஆள் கெட்டுப்போகலாம், உடம்பு கெட்டுப்போகலாம், சாட்சி மட்டும் கெட்டுப்போகக் கூடாது.

எமி என்ன செய்தாள் தெரியுமா? ஒரு சண்டை போட்டிருக்கலாம். அவளுக்கு அப்போது இருபத்தொரு வயசு, நர்சரி ஸ்கூலில் டீச்சர், ஞாயிறு பள்ளியிலும் டீச்சர். பாயில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தாள். "அம்மா சொன்னது பொய்தான். இன்னைலருந்து நான் நிறுத்திட்டா அது பொய்யா இருக்காதுல்லா" என்றாள். இப்படி ஒரு மூளை எங்க ஆட்களுக்கு மட்டும்தான் வரும். சொன்ன பொய்யை வாபஸ் வாங்க மாட்டார்கள், அதை உண்மையாக்குவதற்கு உடம்பைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

அம்மா மிச்ச மாத்திரையை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அவ்வளவு விசுவாசம் இருந்தால் குப்பையில் போட்டிருக்க வேண்டியதுதானே. பூட்டி வைத்தாள். அதையும் குறித்துக்கொள்ளுங்க.

ஒன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எமி படுத்திருந்தாள். அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். தூக்கத்திலேயே அவளுக்கு வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, ரெண்டு நிமிஷம் இருக்கும். ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தேன். நாக்கைக் கடித்திருந்தாள், தலையணை உறையில் ரத்தம். உறையை உருவி ஊறப் போட்டேன். எழுந்தபோது அவளுக்கு எதுவும் நினைவில்லை.

"நாக்கு ஏம்ட்டி எரியுது?" என்றாள்.

"கனா கண்டு கடிச்சிருப்ப" என்றேன்.

அம்மாவிடம் சொல்லலாம் என்றுதான் வாசலில் நின்றேன். அம்மா கூட்டம் முடிந்து வந்தாள். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். அடுத்த மாசம் பக்கத்து ஊரில் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள், போக வர ஆட்டோவும் அவர்களே அனுப்புகிறார்கள் என்றாள். அவள் சிரிப்பதை நான் ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது. உள்ளே போய்விட்டேன். கொடியில் ஈரத் தலையணை உறை தொங்கியது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதை எதுக்கு இன்னைக்குத் துவைச்ச?" என்று கேட்டாள். "குழம்பு கொட்டிட்டுது" என்றேன். நம்பிவிட்டாள். எதைச் சொன்னாலும் நம்புகிற ஆள்.

பீரோ சாவியை அம்மா எப்போதும் இடுப்பில் செருகியிருப்பாள். குளிக்கப் போகும்போதுகூடக் கூடவே போகும். மறுநாள் காலையில் பார்த்தால் பீரோவிலேயே தொங்குகிறது. மறந்துவிட்டாள் போல. எனக்கு நல்லதாகப் போயிற்று. மாத்திரையை எடுத்து, ரெண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்கி, எமியுடைய கருப்பட்டிக் காப்பியில் போட்டுக் கலக்கினேன்.

அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏன் கசக்கு?" என்றாள்.

"கருப்பட்டி பழசு."

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அவளுக்கு இன்னும் ஒரு துண்டு கருப்பட்டி தட்டிப் போடேன்" என்றாள். போட்டேன். காலையில் காப்பி, ராத்திரி மிளகு ரசம். பதினைந்து மாசம். ஒரு வேளை விட்டதில்லை.

தீர்ந்தபோது என்ன செய்தேன் என்று கேளுங்க. ஊர் மெடிக்கலில் வாங்க முடியாது, கடைக்காரர் சபைக் கமிட்டியில் இருக்கிறார். ஆஸ்பத்திரி நோட்டை எடுத்துக்கொண்டு இதே பஸ்ஸில் வந்தேன். வலிப்புக்குச் செவ்வாய்க்கிழமைதான் பார்ப்பார்கள். மாசத்தில் ஒரு செவ்வாய் பள்ளிக்கூடத்துக்கு மட்டம். நர்ஸ், "பேஷன்ட் எங்க?" என்பாள். "ஸ்கூல்ல லீவு தர மாட்டேங்காங்க" என்பேன். இப்படியே ஓடியது. போன மார்ச்சில் மாத்திரை ஒரு செவ்வாய்க்கிழமை காலையோடு தீர்ந்தது. அன்றைக்குத்தான் கணக்குப் பரீட்சை. எப்படியும் பெயில்தான் ஆகியிருப்பேன், பஸ் ஏறிவிட்டேன். அதோடு படிப்பு முடிந்தது. இப்போது ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். அதை விடுங்க.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லணும். பள்ளிக்கூடம் போனபோது எனக்கு டிபன் கட்டித் தருவாள். நின்ற பிறகு கட்டுவதில்லை. கடை பக்கம்தானே, மத்தியானம் வந்து சாப்பிட்டுப் போவேன். ஆனால் மாசத்தில் அந்த ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் காலையில் எழுந்து பார்த்தால் டிபன் பாக்ஸ் அடுப்பு மேடையில் இருக்கும். எலுமிச்சம்பழச் சோறு, உருளைக்கிழங்கு. பழக்கதோஷம். என்ன நாள் என்ன கிழமை என்றே தெரியாமல் கட்டி வைத்துவிடுவாள். நான் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன், எதற்கு வீணாக்க.

மணி எட்டு நாற்பத்தைந்தா? இருக்கட்டும்.

இந்தப் பக்கம் அம்மாவின் சாட்சி ஊர் ஊராகப் போனது. ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் வளர்ந்தது. பத்து மாசம் ஒரு வருஷமானது, ஒன்றரை வருஷமானது. டாக்டரே ஆச்சரியப்பட்டார் என்று ஒரு ஊரில் சேர்த்துக்கொண்டாள். அந்த டாக்டரை அவள் பார்த்தே ரெண்டு வருஷம் ஆகிறது. சபைப் பத்திரிகையில் எமி போட்டோ வந்தது. எனக்கு அப்போது பட்டது ஒன்றுதான். அற்புதம், அற்புதம் என்கிறார்களே, அது என் ரெண்டு ஸ்பூனுக்கு நடுவில் கிடக்கிறது. எனக்கு ஒருத்தர் ஒரு நன்றி சொன்னதில்லை.

அப்புறம் சம்பந்தம் வந்தது. தூத்துக்குடிக்காரர்கள். மாப்பிள்ளை ஆல்வின், கோயம்புத்தூரில் வேலை. அவன் அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசுகிறவர். "எங்களுக்கு நகை நட்டு ஒண்ணும் வேண்டாம். சாட்சியுள்ள பிள்ளை, அது போதும்" என்றார். எமிக்கு அவனைப் பிடித்திருந்தது. போனில் பேசும்போது காதோரம் சிவந்துபோகும்.

கோயம்புத்தூரில் அவளுக்கு யார் காப்பியில் கலப்பார்கள்? அவளும் சாப்பிட மாட்டாள், அவர்களும் கொடுக்க மாட்டார்கள். பத்து நாள் போகும். கேஸ் அடுப்புக்கு முன்னால் விழுவாளோ, ரோட்டில் விழுவாளோ. அவள் நல்லதனத்துக்கு அதுவும் கர்த்தருடைய சித்தம் என்பாள்.

எங்க கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூணு ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். உங்க பக்கம் எப்படியோ. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் உண்டென்று யாராவது அறிந்தால் தெரிவிக்க வேண்டும் என்று ஐயர் வாசிப்பார். வாசித்துவிட்டு மூச்சுக்கூட விடாமல் "வியாழக்கிழமை பெண்கள் சங்கக் கூட்டம்" என்று அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார். நடுவில் ஒரு கொசு நுழைய இடமிருக்காது. எங்க கோயில் கட்டி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஒரு ஆள் எழுந்து தடை சொன்னதில்லை.

முதல் ஓலை வாசித்தார்கள். அம்மா தலை குனிந்திருந்தாள். ரெண்டாம் ஓலை வாசித்த அன்றைக்கு நான் ஐயரிடம் போனேன். அவர் அங்கியை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எமி மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கா."

மடித்துக்கொண்டே கேட்டார். "அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் காப்பியில கலக்குதேன்."

"அப்ப அவளா சாப்பிடலைம்மா. நீதான் குடுக்குற. அவ மேல குத்தமில்லை."

"குத்தத்தைக் கேக்கலை ஐயா. கல்யாணம் ஆகிப் போனா செத்துப்போவா."

அங்கியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. பயந்த மனுஷர். "சாட்சி பத்திரிகை வரைக்கும் போயாச்சு. இப்பம் கலைச்சா எத்தனை பேருக்கு இடறலா இருக்கும், யோசி. நாம இதை ஜெபத்தில வைப்போம்" என்றார்.

ஜெபத்தில் வைப்பது என்றால் எங்க ஊரில் பரண் மேல் வைக்கிற மாதிரி. யார் கைக்கும் எட்டாது, யாரும் எடுக்கவும் மாட்டார்கள்.

சரி, மூணாம் ஓலையில் நானே எழுந்து சொல்லிவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். ஆனால் எமிக்குத் தெரியாமல் சொன்னால் அவள் அங்கேயே மயங்கி விழுவாள் என்று, சனிக்கிழமை சாயங்காலம் அவளிடம் போய் உட்கார்ந்தேன். அவள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கலர் தாளில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், தலையணை உறை உட்பட.

கத்திரிக்கோல் நின்றது.

"எத்தனை நாளா?"

"பதினஞ்சு மாசம்."

"ரெண்டு வேளையுமா?"

"ரெண்டு வேளையும்."

பாதி வெட்டிய மீனைக் கீழே வைத்தாள். "நான் காலையில எழும்புனதும் ஸ்தோத்திரம் சொல்லுவேம்லா. இன்னைக்கும் வரலை ஆண்டவரேன்னு. நீ பக்கத்துல பாயைச் சுருட்டிக்கிட்டே கேட்டுக்கிட்டுதான இருந்த?"

"கேட்டேன்."

"கேட்டுட்டுப் போயி காப்பி போட்டியா?"

"உன் உயிரைக் காப்பாத்தியிருக்கேன் எக்கா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ சாப்பிட்டிருப்பியா?"

"தெரியாது. நீ கேக்கவே இல்லியே." அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குப் பரவாயில்லை. "அம்மா ஊருக்குப் பொய் சொன்னா. நீ எனக்குச் சொன்ன. தினமும் ரெண்டு தரம்."

"அப்பம் நான் என்ன செய்திருக்கணும்? விழட்டும்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கணுமா?"

அவள் எழுந்து கையைக் கழுவினாள். "மிச்சம் எங்க?" என்றாள். ரசப்பொடி டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு மாத்திரையைப் பிரித்து, முழுசாக வாயில் போட்டுத் தண்ணி குடித்தாள். மிச்சத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்கு அப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது.

நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? மைக்கில் பொய் சொன்ன அம்மாவிடம் பேசுகிறாள். ஜெபத்தில் வைத்த ஐயருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறாள். என்னிடம் மட்டும் இல்லை.

மறுநாள் கோயில். நான் முன்னாலேயே போய் மூணாவது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன், எழுந்தால் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. ஐயர் ஓலையை எடுத்தார். ஆல்வின் பேர், எமீமா பேர். "தடை ஏதும் உண்டென்று அறிந்தால்" என்று வாசித்தபோது என்னைப் பார்க்காமல் இருக்கக் கஷ்டப்பட்டார். நான் எழுந்திருக்கத்தான் இருந்தேன் ஆன்ட்டி. சத்தியமாக. துப்பட்டா பெஞ்சு ஆணியில் மாட்டிக்கொண்டது. அதை விடுவித்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, தடை இருக்கு."

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பக்கத்திலிருந்து எமி எழுந்து நின்றாள். மடியில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான் போல, அவனைக் கையில் தூக்கிக்கொண்டே நின்றாள்.

ஐயர், "உக்காரும்மா, அப்புறம் பேசலாம்" என்றார். அது மைக்கில் கேட்டது.

அவளுக்கு மைக் இல்லை. சாதாரணமாகப் பேசினாள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற குரல். "எனக்கு வலிப்பு சுகமாகலை. மாத்திரையாலதான் வராம இருக்கு. இவ்வளவு நாளும் தெரியாம சாப்பிட்டேன், இனிமே தெரிஞ்சு சாப்பிடுவேன். அவங்க வீட்டுல யாரும் ஏமாந்துரக்கூடாது. தெரிஞ்ச பிறகும் வேணும்னா அடுத்த வாரம் நாலாவது தரமா வாசிங்க. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

உட்கார்ந்துவிட்டாள். பையன் சட்டையை இழுத்துச் சரிசெய்தாள்.

எதற்கு அந்த ஸ்தோத்திரம்? அந்த இடத்தில் எதற்கு ஸ்தோத்திரம் வருகிறது? எனக்கு இன்னும் புரியவில்லை. அம்மாவும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் மேடையில் ஆரம்பித்தாள். கோயிலில் அல்லேலூயா சொல்ல ஒரு ஆள் இல்லை. அந்தத் தாத்தாகூட வாயைத் திறக்கவில்லை. ஐயர் பெண்கள் சங்க அறிவிப்பை விட்டுவிட்டு நேராகக் காணிக்கைப் பாட்டுக்குப் போய்விட்டார்.

இன்னொன்றும் பாருங்க. அம்மா சொன்ன பொய்யை அவள் எடுக்கவேயில்லை. சரி, அம்மா, விட்டுவிட்டாள். என் பேரையும் எடுக்கவில்லை. பதினைந்து மாசம் யார் கொடுத்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்லதுக்கும் சொல்லவில்லை, கெட்டதுக்கும் சொல்லவில்லை.

ஹெட்மாஸ்டர் சாயங்காலமே போன் போட்டார். அம்மாவால் பேச முடியவில்லை, நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன். "மாத்திரை சாப்பிட்டா என்னம்மா, எனக்கே சுகருக்கு ரெண்டு மாத்திரை. அதை எங்ககிட்ட தனியாச் சொல்லியிருக்கலாம். சபையில எழும்பிச் சொன்ன பிள்ளையை நாங்க எப்படி எடுக்க? நாளைக்கு எங்க வீட்டு விஷயத்தையும் எழும்பிச் சொல்லுவா" என்றார். மாத்திரை பரவாயில்லையாம், வாய்தான் பிரச்சினையாம். ஆல்வின் போன் பண்ணவில்லை. நாலாவது வாரம் ஓலையும் வாசிக்கவில்லை. ஞாயிறு பள்ளியில் அவளைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள், உடம்புக்கு நல்லதாம்.

அவள் அழுதாள். பாத்ரூமில் தண்ணியைத் திறந்து விட்டுவிட்டு அழுதாள், எங்களுக்குக் கேட்கக் கூடாதாம். அழுது முடித்து வந்து ஏழு மணிக்குச் சாப்பிட்டு எட்டு மணிக்கு மாத்திரை போட்டாள். அதற்கு முன்னால் கண்ணை மூடி ஒரு ஜெபம், சோற்றுக்குப் பண்ணுகிற மாதிரி. இவ்வளவுக்கு அப்புறமும் மாத்திரைக்கு ஜெபம். அவளைத் திருத்த முடியாது.

அம்மா சங்கத்துக்குப் போவதை விட்டுவிட்டாள். ஒருத்தரும் திட்டவில்லை, ஆனால் டீ தம்ளர் கழுவ வேறு ஆள் போட்டுவிட்டார்கள். இன்றைக்குக் காலையில் பார்க்கிறேன், மேடையில் டிபன் பாக்ஸ். ஒன்று இல்லை, ரெண்டு.

டாக்டர் இன்றைக்கு எமியை நேரில் பார்க்க வேண்டும். நோட்டு என்னிடம் இருக்கிறது, அதனால் நான் வந்தே ஆக வேண்டும். என்னை அவள் கூப்பிடவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே நடந்து வந்தேன்.

மணி ஒன்பது ஆகிவிட்டதா? ஒன்பது ரெண்டு. பாருங்க, பையைத் திறக்கிறாள். தேடுகிறாள். பாட்டில் இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. தேடட்டும்.

நீங்க சும்மா இருங்க ஆன்ட்டி. நான் எதற்கு எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்? பதினைந்து மாசம் கொடுத்தேனே, என்ன கிடைத்தது? கொடுத்ததுதானே தப்பாம். கேட்காமல் கொடுக்கக் கூடாதாம். சரி, கேட்டால் கொடுக்கிறேன். அவள் சொன்ன சட்டம்தான். அந்தக் கண்டக்டரிடம் கேட்பாளா இருக்கும். இல்லை, எச்சில் விழுங்கிப் போட்டுக்கொள்வாளா இருக்கும். தண்ணியில்லாமல் போட்டால் தொண்டையில் ஒட்டும் அந்த மாத்திரை, கசக்கும்.

ஒன்பது ஐந்தா?

எழுந்துவிட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். இங்கேதான் வருகிறாள். நீங்க பேசாதீங்க.

"தண்ணி இருக்கா?"

கேட்டீங்களா. என்னிடம்தான் கேட்டாள்.

"இந்தா."

என்ன செய்கிறாள் பாருங்க. பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிக்கிறாள். ஒரு குலுக்குக் குலுக்கி அடியில் பார்க்கிறாள். மூடியைக் கழற்றி மோந்து பார்க்கிறாள்.

"வெறும் தண்ணிதான் எக்கா."

என்னையே பார்க்கிறாள்.

"சத்தியமா. குழாயில பிடிச்ச தண்ணி. வேற ஒண்ணும் போடலை."

மூடியை என் கையில் வைத்துவிட்டாள். மாத்திரையைப் பிரிக்கிறாள். கண்ணை மூடுகிறாள், ஆமாம், பஸ்ஸிலும்தான். குடித்துவிட்டாள். பாட்டிலோடு திரும்பிப் போகிறாள். பக்கத்து இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

மூடி என்னிடமே இருக்கிறது. இந்த ரோட்டில் அவள் எப்படித் திறந்த பாட்டிலை வைத்துக்கொண்டு போவாள்?

காலைக் கொஞ்சம் மடக்குங்க ஆன்ட்டி. தண்ணி சிந்திவிடும்.